மௌனம் என்னும் பாறைத்தடம்

சென்ற ஆண்டு எமது பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு ‘எனது பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வருமாறு பணித்திருந்தோம். வழமைபோல உதைபந்தாட்டம், நடனம், கணினி விளையாட்டு என்பன பற்றியே பெரும்பாலான கட்டுரைகள் அமைந்திருந்தன. ஆனால் இரு பிள்ளைகள் மட்டும் பாதி வெறுமையான தாள்களை எம்மிடம் நீட்டினர். காரணம் வினவியபோது, “எழுத விருப்பம்தான் ரீச்சர், ஆனால் அதுக்குத் தமிழில சொல் இல்லையே!” என்றனர். அவர்களது பொழுதுபோக்கு, இடையிற் கயிறு கட்டிக்கொண்டு பாறைச் சுவர்களில் ஏறுதல்.

அவர்களுள் ஒரு பிள்ளையை வாராவாரம் பள்ளிக்கு அழைத்து வருபவர் அவரது அப்பப்பா. எண்பதுகளில் இந்நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதிக்கு வந்து, மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றிற் பல ஆண்டுகள் உழைத்தவர். “விழுந்து முறிக்கிறதுக்கும் ஒரு விளையாட்டோ?” என்பது அவரது கேள்வி. பிள்ளைகளின் குறையும் பெரியவரின் கேள்வியும் எம்மைச் சிந்திக்க வைத்தன. நாம் வாழும் இந்த நோர்வே நாட்டிலேயே, உலகின் மிகக் கடினமானது எனப் போற்றப்பட்ட ஒரு பாறைத்தடம் இருக்கிறது. ‘சைலன்ஸ்’ என்பது அதன் பெயர். தமிழில் ‘மௌனம்’ எனலாம். அத்தடத்தின் வரலாற்றை விளக்கினால், பிள்ளைகளுக்குச் சொற்களும் பெரியவருக்கு விடையும் ஒருங்கே கிடைக்கும் என்னும் எண்ணத்திற் பிறந்ததே இக்கட்டுரை.

விளையாட்டின் இலக்கணம்

மலையேற்றம் என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது பனிமூடிய சிகரமும் அதன் உச்சியில் நாட்டப்படும் கொடியுமே. நாம் இங்கு பேசும் பாறையேற்றம் அத்தகையதன்று. இதில் உச்சியை அடைவது நோக்கமன்று. உச்சிக்கு வேறு பக்கமாக நடந்தே சென்றுவிடலாம். குறித்த ஒரு பாறைச் சுவரில், குறித்த ஒரு வழியே, தன் கைகளையும் கால்களையும் மட்டும் கொண்டு ஏறி முடிப்பதே நோக்கம். அவ்வழியையே ‘ஏறுதடம்’ என்கிறோம்.

ஏறுதடம் ஒன்றை அமைப்பவர், சில மீற்றர் இடைவெளிகளில் பாறையைத் துளைத்து உருக்கு ஆணிகளைப் பதித்து வைப்பார். ஏறுபவர் தம் இடைவாரில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். ஒவ்வோர் ஆணியையும் அடைந்ததும், அதில் ஒரு கொழுக்கியை மாட்டி, கயிற்றை அதனூடே செலுத்துவார். கயிற்றின் மறுபகுதி கீழே நிற்கும் தோழரின் கையில் இருக்கும். இவரைக் ‘கயிறுகாப்பவர்’ என அழைக்கலாம். ஏறுபவர் தவறி விழுந்தால், கயிறுகாப்பவர் தம் இடைவாரிலுள்ள கருவியாற் கயிற்றை இறுக்கி அவரைத் தாங்கிக்கொள்வார். இக்கயிறு சற்றே நீண்டு கொடுக்கும் தன்மையுடையது. ஆகையால் விழுந்தவரின் உடலில் அதிர்ச்சி குறைகிறது.

இங்கே ஒரு முக்கியமான விதி உண்டு. ஆணியும் கயிறும் காப்பதற்கே அன்றி, ஏற்றிவிடுவதற்கு அல்ல. ஆணியைப் பிடித்தாலோ கயிற்றில் ஒரு கணம் தொங்கி இளைப்பாறினாலோ அந்த ஏற்றம் கணக்கில் வராது. மீண்டும் தரைக்கு இறங்கி, முதலடியிலிருந்தே தொடங்க வேண்டும். இடைப்பட்ட நாட்களிற் கயிற்றில் தொங்கியபடியே ஒவ்வோர் அசைவையும் எத்தனை முறையும் பழகலாம், அதற்குத் தடையில்லை. ஆயினும் தரையிலிருந்து முடிவுவரை ஒருமுறையேனும் விழாமல் ஏறினால்தான் தடம் வெல்லப்பட்டதாகக் கொள்ளப்படும். எழுபதுகளின் நடுப்பகுதியில், ஜேர்மனியின் பிராங்கன்யூரா பகுதியைச் சேர்ந்த கூர்ட் அல்பேர்ட் என்பவர், தாம் இவ்வாறு ஏறி முடித்த தடங்களின் அடியிற் சிவப்பு நிறத்தில் ஒரு புள்ளி இடும் வழக்கத்தைத் தொடக்கி வைத்தார். இன்றும் இவ்வகை ஏற்றத்துக்குச் ‘செம்புள்ளி’ என்னும் பொருள்படும் பெயரே உலகெங்கும் வழங்குகிறது.

கடினம் வேறு, ஆபத்து வேறு

அப்பப்பாவின் கேள்விக்கு இவ்விடத்தில் விடை கூற வேண்டும். பாறையேற்றத்திற் கடினம் என்பதும் ஆபத்து என்பதும் இருவேறு பொருள்கள். இதனை 2017ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன.

அவ்வாண்டு யூன் மாதம் 3ஆம் நாள், அமெரிக்காவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் கப்பிற்றான் என்னும் ஏறத்தாழ 900 மீற்றர் உயரமான பாறையில், அலெக்ஸ் ஹொனால்ட் என்பவர் கயிறு எதுவுமின்றித் தனியே ஏறினார். அதனைப் படமாக்கிய ‘பிறீ சோலோ’ என்னும் ஆவணப்படம் 2019இல் ஒஸ்கார் விருது பெற்றது. எமது பெற்றோர் பலர் பாறையேற்றம் என்றால் இதுதான் என எண்ணிக் கலங்குவதற்கு அப்படமும் ஒரு காரணம். அங்கே ஒரு கால் வழுக்கியிருந்தால் மரணம் நிச்சயம். எனினும் அவர் ஏறிய தடம், அசைவுகளின் கடினத்தை மட்டும் நோக்கின், நாம் கூறவிருக்கும் ‘சைலன்ஸ்’ தடத்தைவிடப் பத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழானது.

அதே ஆண்டு செப்ரெம்பரில் நோர்வேயில் ஏறப்பட்ட ‘சைலன்ஸ்’ தடத்திலோ, ஏறியவர் அதற்கு முன்னர் எண்ணற்ற முறை விழுந்திருந்தார். விழுந்த ஒவ்வொரு முறையும் கயிற்றில் ஊஞ்சலாடிவிட்டுத் தரைக்கு இறங்கினார். அத்தடம் குகையின் கூரைபோல வெளியே கவிந்திருப்பதால், விழுபவர் பாறையில் மோதாமல் வெற்றுவெளியிலேயே விழுகிறார். கடினத்துக்குக் காரணமான அந்தக் கவிழ்வே விழுபவருக்குக் காப்பாகவும் அமைகின்றது. ஆகவே உலகின் மிகக் கடினமான தடங்களுள் ஒன்று, மிக ஆபத்தான தடங்களுள் ஒன்று அன்று.

தரம் அளக்கும் முறை

தடங்களின் கடினத்தைக் குறிக்கப் பல நாடுகள் பலவகை அளவுகோல்களைக் கையாளுகின்றன. விளையாட்டுப் பாறையேற்றத்தில் உலகளவிற் பெரிதும் வழங்குவது பிரெஞ்சு அளவுகோல். அதில் ஓர் எண்ணும், அதனையடுத்து ஏ, பி, சி என்னும் எழுத்துகளுள் ஒன்றும் வரும். இரண்டு எழுத்துகளுக்கு இடைப்பட்ட தரத்தைக் காட்ட + குறி சேர்க்கப்படும். எனவே 9ஏ, 9ஏ+, 9பி, 9பி+, 9சி எனப் படிகள் உயர்ந்து செல்லும்.

1984இல் ஜேர்மனியரான வொல்ஃப்காங் கூலிக் 8பி தரத்தின் முதல் தடத்தை ஏறினார். அதே மனிதர் 1991இல் பிராங்கன்யூராவில் ‘அக்சியோன் டிறெக்ற்’ என்னும் தடத்தை ஏறி 9ஏ தரத்தைத் தொட்டார். அத்தடத்தின் தொடக்கத்திலேயே இரு விரல்கள் மட்டும் நுழையக்கூடிய ஒரு குழியை நோக்கிப் பாய வேண்டும். அதற்கென்று அவர் மரச் சட்டங்களைப் படிகள் போல் அமைத்து, கால்களைப் பயன்படுத்தாமல் விரல்களால் மட்டும் அவற்றில் தாவி ஏறும் பயிற்சிமுறை ஒன்றைக் கையாண்டார். இன்று உலகெங்கும் பயிற்சிக் கூடங்களிற் காணப்படும் அத்தகைய பலகைகளுக்கு அவரே முன்னோடி.

அதன்பின் 2001இல் அமெரிக்கரான கிறிஸ் ஷார்மா பிரான்சின் செயூஸ் பாறையில் 9ஏ+ தரத்தையும், 2008இற் கலிபோர்னியாவில் 9பி தரத்தையும் எட்டினார். 2012 ஒக்ரோபரிற் செக் நாட்டவரான ஆடம் ஒண்ட்ரா நோர்வேயில் ‘சேஞ்ச்’ என்னும் தடத்தை ஏறி, 9பி+ தரத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். 2017இல் அவரே 9சி தரத்தையும் முன்மொழிந்தார்.

இவ்வாண்டுகளைச் சற்றே கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 8பி தரத்திலிருந்து 9ஏ தரத்துக்கு உயரும் நான்கு படிகளை உலகம் 7 ஆண்டுகளிற் கடந்தது. 9ஏ தரத்திலிருந்து 9சி தரத்துக்கு உயரும் அடுத்த நான்கு படிகளைக் கடக்க 26 ஆண்டுகள் சென்றன. இக்காலத்திற் பயிற்சிமுறைகள் வளர்ந்தன. காலணிகளும் கயிறுகளும் சிறந்தன. ஏறுவோர் தொகையும் பன்மடங்காகியது. இருந்தும் படிகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட உயரமாயின. மனித உடலின் எல்லையை நெருங்க நெருங்க, ஒரு சாண் முன்னேற்றத்துக்கும் பேருழைப்புத் தேவைப்படுகிறது.

குகையும் தடமும்

துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் பயணம் செய்தால், கடலோரமாகப் பிளாட்டாங்கர் என்னும் சிற்றூரகம் வரும். ஆயிரத்துச் சொச்சம் மக்களே அங்கு வாழ்கின்றனர். அங்குள்ள மாபெருங் குகையின் பெயர் ஹான்ஸ்ஹெல்லரன். ‘ஹெல்லர்’ என்றால் நோர்வே மொழியில் மழைக்கு ஒதுங்கத்தக்க பாறைக்கவிவு என்று பொருள். எமது முன்னோர் இதனை முழை என்பர். கருங்கல் வகையைச் சேர்ந்த அப்பாறையின் கூரை, வாயைப் பிளந்தாற்போல வானத்தை நோக்கி விரிந்திருக்கும். வெளியே மழை பொழியும்போதும் உள்ளே பெரும்பகுதி உலர்ந்திருப்பதால் ஏறுவோருக்கு அது பெரும் வாய்ப்பு.

1993இல் புர்னோ நகரிற் பிறந்த ஒண்ட்ராவின் பெற்றோரும் பாறையேறுபவர்களே. 13 வயதிலேயே 9ஏ தரத்தை எட்டிய அவர், 2012, 2013 ஆண்டுகளில் இக்குகையின் கூரையில் ஒரு புதிய தடத்துக்கு ஆணிகள் பதித்தார். முடித்தவரே பெயரிடுவது மரபாதலால், அது நெடுங்காலம் ‘கடினத் திட்டம்’ என்றே அழைக்கப்பட்டு வந்தது.

தடத்தின் நீளம் ஏறத்தாழ 45 மீற்றர். இரண்டு பனை உயரம் எனலாம். முதல் 20 மீற்றர் அளவான பகுதி மட்டுமே 8பி தரமுடையது. 1984இல் உலகம் வியந்த அதே தரம் இங்கே வெறும் வாசற்படியாக அமைந்திருக்கிறது! அதன் முடிவில் முழங்காலைப் பாறையின் இடுக்கிற் செருகி, பாதத்தை எதிர்ப்புறம் அழுத்தி, கைகளைச் சிறிது விடுவிக்கலாம். ‘முழங்காற்பூட்டு’ என நாம் பெயரிட்டுள்ள இந்நிலையில் ஏறுபவர் தலைகீழாகத் தொங்கியபடியே இளைப்பாறுகிறார்.

அதன்பின் வருவதே தடத்தின் உயிர்நிலை. ஏறத்தாழப் பத்து அசைவுகளே கொண்ட அப்பகுதியை, கயிறின்றி ஏறும் குறும்பாறைகளுக்கென உள்ள தனி அளவுகோலில் 8சி என மதிப்பிட்டார் ஒண்ட்ரா. அவ்வளவுகோலில் அக்காலத்து உச்சம் 9ஏ. அதிலிருந்து இரண்டு படிகளே குறைவு. அதாவது, குறும்பாறை ஏறுவோர் தரையிலிருந்து புத்துணர்வோடு முயன்றாலும் தோற்கக்கூடிய ஒரு புதிரை, 20 மீற்றர் ஏறிக் களைத்த பின்னர், கூரையில் தொங்கியவாறு விடுவிக்க வேண்டும். விரல்களைக் குறுகிய வெடிப்பில் திருகிப் பூட்டி, காலைத் தலைக்கு மேலே கொண்டு சென்று, உடலைத் திருப்பி, கால் முன்னும் தலை பின்னுமாகச் செல்லும் விந்தையான அசைவுகள் அவை. அதனைக் கடந்தாலும் ஓய்வில்லை. மேலும் இரு கடினமான பகுதிகள் காத்திருக்கின்றன. அவை முதலாவதைவிட எளியனவே எனினும், களைத்த உடலுக்கு அவையே பெருஞ்சோதனை.

உடலின் கணக்கு

விரல்களை மடக்கும் வலுவான தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் உள்ளன. அங்கிருந்து வரும் நாண்கள் விரல் எலும்புகளோடு ஒட்டிச் செல்லுமாறு, சிறு வளையங்கள் போன்ற இழையங்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. சிறிய விளிம்பில் முழு உடலும் தொங்கும்போது அவ்வளையங்கள் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. பாறையேறுவோருக்கு மிகப் பரவலாக ஏற்படும் காயங்களுள் ஒன்று அவ்வளையங்கள் கிழிவதே.

தசை இறுகி நிற்கும்போது அதனூடே செல்லும் குருதிக் குழாய்கள் நெருக்கப்படுகின்றன. குருதியோட்டம் குறைய, முன்கை வீங்கி விறைத்து, விரல்கள் தாமாகவே விரிந்துவிடும். மனவுறுதி எவ்வளவு இருப்பினும் அக்கணத்திற் பயனில்லை. எனவே ஏறுபவரின் திறமையிற் பாதி வலிமையில் இருப்பின், மறுபாதி எங்கே எப்படி இளைப்பாறுவது என்பதில் இருக்கிறது. வியர்வையை உறிஞ்சுவதற்காக அவர்கள் கைகளிற் பூசும் வெண்பொடி மகனீசியம் காபனேற்று என்னும் சேர்வை. குளிர்ந்த, உலர்ந்த காற்றிலே தோலின் பிடிப்பு மேம்படுவதால், இலக்கை நெருங்கியவர்கள் நல்ல காலநிலைக்காக நாட்கணக்கிற் காத்திருப்பதும் உண்டு.

ஒண்ட்ராவின் ஆயத்தத்தில் எம்மைக் கவர்ந்தது இதுவே: அவர் விரல்களை மட்டும் வலுப்படுத்தவில்லை. முழங்காற்பூட்டில் தொங்கும்போது பாதத்தை அழுத்திப் பிடிப்பது கெண்டைக்காற் தசையாகும். அது களைத்துவிட்டால் கைகளுக்கு ஓய்வு கிட்டாது. இதனை உணர்ந்து, கிளவுஸ் இசெல என்னும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரின் துணையுடன் கெண்டைக்காலுக்கென்றே தனிப் பயிற்சிகளை மேற்கொண்டார். பட்சி உசோபியாகா என்னும் ஸ்பானியப் பயிற்சியாளரும் அவருக்கு வழிகாட்டினார். பயிற்சிக் கூடத்தில் அத்தடத்தின் அசைவுகளை ஒத்த செயற்கைப் பிடிகளை அமைத்துப் பழகினார். அன்றியும், படுத்தபடி கண்களை மூடி, தடத்தின் ஒவ்வோர் அசைவையும் கைகாலை அசைத்து மனத்துள்ளே ஏறிப் பார்த்தார். நடனம் பயிலும் எமது பிள்ளைகள் அரங்கேற்றத்துக்கு முன் பேருந்தில் அமர்ந்தபடியே விரல்களால் தாளமிட்டு அடவுகளை நினைந்து பார்ப்பதை இது எமக்கு நினைவூட்டியது.

2017 செப்ரெம்பர் 3

2016, 2017 ஆண்டுகளில் ஒண்ட்ரா மீண்டும் மீண்டும் நோர்வேக்கு வந்தார். வந்து, விழுந்து, திரும்பிச் சென்று, பயின்று, மறுபடியும் வந்தார். தடத்தை ஒட்டுமொத்தமாக நோக்கினால் முன்னேற்றமே இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் ஒரு காலை வைக்கும் கோணம், ஒரு விரலைத் திருகும் விதம், மூச்சை விடும் கணம் என நுணுகி நோக்கினால், ஒவ்வொரு வருகையிலும் ஏதோ ஒன்று கைகூடியிருந்தது.

2017 செப்ரெம்பர் 3ஆம் நாள், தமது 24ஆவது வயதில், அவர் தரையிலிருந்து முடிவுவரை விழாமல் ஏறினார். கடினமான அசைவுகளின்போது உரத்துக் கத்துவது அவரது வழக்கம். பெருவெற்றியின் பின்னும் அவர் ஆர்ப்பரிப்பதே இயல்பு. ஆனால் அன்று முடிவை அடைந்து கயிற்றில் தொங்கியபோது அவர் வாயிலிருந்து ஓசை எழவில்லை. கண்கள் கலங்கினவே அன்றிக் குரல் வரவில்லை. ஆதலால் அத்தடத்துக்கு ‘சைலன்ஸ்’ எனப் பெயரிட்டார். இம்முயற்சியைக் கூறும் ஆவணப்படம் 2018இல் வெளிவந்தது. அதன்பின் 7 ஆண்டுகள் கழிந்தும், உலகின் முன்னணி வீரர்கள் சிலர் முயன்றும், வேறெவரும் அத்தடத்தை ஏறி முடிக்கவில்லை.

நடுவர் இல்லாத விளையாட்டு

இவ்விளையாட்டில் எமது மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குகைக்கு நடுவர் வருவதில்லை. புள்ளிப் பலகையும் இல்லை. ஒரு தடம் 9சி என அறிவிப்பவர் அதனை முதலில் ஏறியவரே. அது தீர்ப்பு அன்று. ஒரு முன்மொழிவு மாத்திரமே. அடுத்து ஏறுபவர்கள் தம் பட்டறிவைக் கொண்டு அதனை ஏற்கலாம், குறைக்கலாம். தனது சாதனையின் பெறுமதியைத் தானே மதிப்பிடும் பொறுப்பு ஒருவருக்குக் கிடைக்கும்போது, நேர்மை ஒன்றே நடுவராக நிற்கிறது.

2020 ஓகஸ்டில் ஜேர்மனியரான அலெக்சாண்டர் மெகோஸ், செயூஸ் பாறையில் ‘பிப்லியோகிராஃபி’ என்னும் தடத்தை ஏறி, அதற்கு 9சி தரத்தை முன்மொழிந்தார். உலகின் இரண்டாவது 9சி என அது கொண்டாடப்பட்டது. மறு ஆண்டு இத்தாலியரான ஸ்ரெஃபனோ கிசொல்ஃபி அத்தடத்தை ஏறினார். தாமும் ஒரு 9சி ஏறிவிட்டதாகப் பெருமை கொள்ள அவருக்கு வாய்ப்பிருந்தது. ஆயினும் அது 9பி+ தரமே என அவர் கருத்துரைத்தார். மெகோசும் மறுப்புரையாமல் அதனை ஏற்றுக்கொண்டார். தத்தம் பெயருக்கு முன்னால் நின்ற பெரிய எண்ணை இருவருமே தாமாக விட்டுக்கொடுத்தனர்.

பின்னர் 2022 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரரான செபஸ்தியான் புவான் வெர்டோன் பகுதியில் ‘டிஎன்ஏ’ என்னும் தடத்துக்கும், 2023 செப்ரெம்பரில் ஒஸ்திரியரான யாக்கோப் ஷுபேர்ட் இதே பிளாட்டாங்கர் குகையில் ‘பிஐஜி’ என்னும் தடத்துக்கும் 9சி தரத்தை முன்மொழிந்தனர். பின்னதை ஒண்ட்ராவும் அதே காலத்தில் முயன்றுகொண்டிருந்தார். போட்டியாளர்களான இருவரும் ஒருவர் கண்டறிந்த வழியை மற்றவருக்கு மறைக்காமல் ஒரே குகையில் உழைத்தனர், வென்றவர் ஒருவரே.

பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அறிய இன்னொன்றும் கூறுவோம். அதே 2017ஆம் ஆண்டு பெண்களுக்கும் பொன்னாண்டாக அமைந்தது. பெப்ரவரியில் அமெரிக்கரான மார்கோ ஹேய்ஸ் ஸ்பெயினில் 9ஏ+ தடம் ஒன்றை ஏறிய முதற் பெண்ணானார். ஒக்ரோபரில் ஒஸ்திரியரான அங்கெலா ஐற்றர் 9பி தரத்தை எட்டிய முதற் பெண்ணானார். 2025 ஏப்ரலில் அமெரிக்கரான புரூக் ரபுற்று இத்தாலியின் ஆர்க்கோ பகுதியில் ‘எக்ஸ்கலிபர்’ தடத்தை ஏறி 9பி+ தரத்தையும் தொட்டார். ஆண்கள் எட்டிய உச்சத்துக்கும் பெண்கள் எட்டிய உச்சத்துக்கும் இடையே ஒரேயொரு படிதான் எஞ்சியிருந்தது. உடலின் பருமன் அன்று, உடலின் எடைக்கேற்ற வலுவும் நுட்பமுமே இங்கு வேண்டப்படுவதால், இடைவெளி இத்துணை சிறிதாயிற்று.

பெற்றோர் கவனத்திற்கு

இவ்விளையாட்டில் ஆபத்து அறவே இல்லை என நாம் கூறவில்லை. விபத்துகள் நிகழ்கின்றன. முடிச்சைச் சரிபார்க்காமை, இடைவாரைச் சரியாகப் பூட்டாமை, கயிறுகாப்பவரின் கவனக்குறைவு என்பனவே அடிக்கடி சுட்டப்படும் காரணங்கள். ஏறுமுன் இருவரும் ஒருவர் மற்றவரின் முடிச்சையும் பூட்டையும் பார்த்தல் வேண்டும் என்பது மாறாத விதி. நோர்வேயின் உள்ளரங்குகளிற் கயிறு காப்பதற்கு ‘பிரட்கோர்ட்’ எனப்படும் தகைமை அட்டை வேண்டப்படுவது வழமை. பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறியவர்களுக்கே அது வழங்கப்படும்.

வளரும் பிள்ளைகளின் விரல் எலும்புகளில் இன்னும் முதிராத வளர்ச்சித் தட்டுகள் இருப்பதால், வளர்ச்சி முடியுமுன் விரல்களால் மட்டும் தாவும் கடும் பயிற்சிகள் அவர்களுக்கு ஏற்றவையல்ல. விரல் மூட்டில் நோவு நீடித்தால் ஏறுவதை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். வெளிப்பாறைகளுக்குச் செல்லும்போது தலைக்கவசமும் அனுபவம் மிக்கவரின் துணையும் இன்றியமையாதன. இவற்றைக் கடைப்பிடிப்பின், தயங்கி நிற்கும் பிள்ளைக்குத் தன் உடலையும் அச்சத்தையும் அறிந்து ஆள்வதற்கு இதைவிட நல்ல களம் வேறெதுவும் எளிதிற் கிடைக்காது.

முடிவாக

அவ்விரு பிள்ளைகளும் தம் கட்டுரையை எழுதி முடித்தனர். ஏறுதடம், கொழுக்கி, இடைவார், கயிறுகாப்பவர், முழங்காற்பூட்டு, செம்புள்ளி ஆகிய சொற்களை நாமும் அவர்களுமாக மூன்று சனிக்கிழமைகள் இருந்து தெரிந்தெடுத்தோம். சில பழைய சொற்கள், சில புதியன. தமிழிற் சொல் இல்லை என்று தாளை வெறுமையாகத் தந்தவர்களே, பின்னர் ‘கயிறுகாப்பவர்’ என்பதா, ‘கயிறு பிடிப்பவர்’ என்பதா சரி என எம்மோடு வாதாடினர். பிடிப்பது கையின் வேலை, காப்பதே அவரது கடமை என அவர்கள் கூறிய நியாயத்தை நாம் ஏற்றுக்கொண்டோம்.

கட்டுரையை அப்பப்பாவுக்கும் வாசித்துக் காட்டினோம். “நூறு முழம் ஏற நாலு வருசமோ!” என்று முதலில் வியந்தார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்தப் பெடியன்ர பேர் எழுதியிருக்கு. கீழ நிண்டு கயிறு பிடிச்சது ஆர்?” என வினவினார். எம்மிடம் உடனே விடையில்லை. ஏறியவரின் பெயரையே ஏடுகள் பொறிக்கின்றன. கீழே கழுத்து நோக அண்ணாந்து நின்றவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் பதியப்படுவதில்லை.

குளிர் மிகுந்த வடகடலோரத்தில் மீன் வெட்டி, அடுத்த தலைமுறைக்கு இந்நாட்டிலே நிலைகொள்ள வழிசெய்த ஒருவருக்கு அக்கேள்வி தோன்றியதில் வியப்பில்லை. வார இறுதியின் ஓய்வைத் துறந்து, பனியிலும் இருளிலும் பிள்ளைகளை இப்பள்ளிக்கு அழைத்து வரும் பெற்றோரும் பேரரும் அவ்வாறு கயிறு காப்பவர்களே. பிள்ளைகள் பலமுறை விழட்டும். மீண்டும் முதலடியிலிருந்தே தொடங்கட்டும். கயிறு எமது கைகளில் இருக்கிறது.

இம்முறை அப்பப்பா தம் பேரப்பிள்ளையுடன் உள்ளரங்குக்குச் சென்று, ஓரமாக அமர்ந்து, முடிச்சு ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து வருகிறார் என அறிகிறோம்.